ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் ஏன் கடையில விக்குது, அத எப்படி மாத்துறது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் கொங்கு பக்கம் ஒரு பிரைவேட் இன்ஜினியரிங் காலேஜ்ல ஈஇஇ டிபார்ட்மென்ட்ல 14 வருஷமா பாடம் எடுக்குறேன், அதுல பாதி வருஷம் ப்ராஜெக்ட் கோஆர்டினேட்டர் வேலையும் என் தலையில தான். ஒவ்வொரு ஜனவரியும் ஜீரோத் ரிவ்யூ, அதாவது ப்ராஜெக்ட் தலைப்ப ஓகே பண்ற முதல் கூட்டம், நெருங்கும்போது பசங்க, பேரண்ட்ஸ், புதுசா சேர்ந்த ஸ்டாஃப், எல்லாரும் ஒரே கேள்விகளத்தான் திரும்ப திரும்ப கேக்குறாங்க. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா வாட்ஸப்ல வாய்ஸ் நோட் போட்டு ஓஞ்சு போயிட்டேன், அதனால மொத்தமா இங்க எழுதி வைக்கிறேன்.

ப்ராஜெக்ட் தான் ஏற்கனவே இருக்கே, அப்புறம் எதுக்கு தனியா "ப்ராஜெக்ட் பேஸ்ட் லேர்னிங்"னு பேசுறீங்க?

ரெண்டும் வேற. நம்ம ஊர்ல ப்ராஜெக்ட்னா படிச்சு முடிச்சதுக்கு அப்புறம், கடைசியில, படிச்சத காட்டுறதுக்கு ஒண்ணு செய்யறது. ப்ராஜெக்ட் பேஸ்ட் லேர்னிங்னா ப்ராஜெக்ட் வழியா படிக்கறது, அதாவது வேலை முதல்ல வரும், அந்த வேலைக்கு தேவைப்படும்போது தியரி வரும். கல்யாணத்துக்கு முந்தின நாள் சமையல் புக் படிக்கறதுக்கும், சின்ன வயசுல இருந்தே அம்மா கூட அடுப்படியில நின்னு கத்துக்கறதுக்கும் உள்ள வித்தியாசம்னு வச்சுக்கங்க. ஐடியா புதுசும் இல்ல. அமெரிக்காவுல கில்பாட்ரிக்னு ஒரு வாத்தியார் 1918லயே ப்ராஜெக்ட் மெத்தட் பத்தி எழுதிட்டார். கனடாவுல மெக்மாஸ்டர் மெடிக்கல் ஸ்கூல்ல 1969ல ஆரம்பிச்சது ப்ராப்ளம் பேஸ்ட், அது நோயாளி கேஸ வச்சு படிக்கறது. இன்ஜினியரிங்குக்கு வந்தப்ப கேஸுக்கு பதிலா பொருள் செய்யறதுன்னு ஆச்சு.

அண்ணா யுனிவர்சிட்டி 2021 ரெகுலேஷன்ல பெரும்பாலான பிராஞ்சுக்கு எட்டாவது செமஸ்டர் ப்ராஜெக்டுக்கு 10 கிரெடிட் இருக்கு. ஒரு சாதாரண தியரி பேப்பருக்கு 3. அப்ப இந்த ஒரு ப்ராஜெக்ட் மூணு பேப்பருக்கு மேல. ஆனா பையன் அதுக்கு எவ்வளவு நேரம் குடுக்குறான்னு எந்த ஹாஸ்டல்ல வேணாலும் போய் கேட்டு பாருங்க.

பசங்க ஏன் ப்ராஜெக்ட விலைக்கு வாங்குறாங்க? சோம்பேறித்தனம் தானே?

நானும் முதல்ல அப்படித்தான் நினைச்சேன், நல்லா திட்டியும் இருக்கேன். இப்ப அப்படி நினைக்கல.

சென்னையில ரிச்சி ஸ்ட்ரீட்ல போனீங்கன்னா தெரியும், காம்போனன்ட் கடைக்கு பக்கத்துலயே "ஐஈஈஈ ப்ராஜெக்ட்ஸ்"னு போர்டு தொங்கும், கோயம்புத்தூர்ல காந்திபுரம் பக்கம் போனாலும் அதே போர்டு. பேஸ் பேப்பர்னு அடிப்படையா எடுக்கற ஆராய்ச்சி கட்டுரை, கோடு, கிட், ரிப்போர்ட், பிபிடி, எல்லாம் ஒரே பாக்கேஜ், வைவாவுல என்ன கேப்பாங்கன்னு ஒரு மணி நேர க்ளாஸ் வேற எடுப்பாங்க. இது எப்படி ஓடுது? நாம எதுக்கு மார்க் போடுறோமோ அதெல்லாம் கடையில பேக் பண்ணி குடுக்கக்கூடிய சாமானா இருக்கு, அதனால ஓடுது. ரிப்போர்ட்ல அப்ஸ்ட்ராக்ட் இருக்கா, லிட்டரேச்சர் சர்வே இருக்கா, எக்ஸிஸ்டிங் சிஸ்டம் ப்ரப்போஸ்ட் சிஸ்டம் இருக்கா, டேபிள் மேல எல்இடி எரியுதா, முடிஞ்சது. முடிஞ்ச பொருளுக்கு மட்டும் மார்க் போட்டா முடிஞ்ச பொருள வாங்கிட்டு வருவாங்க, அதுல ஆச்சரியப்பட ஒண்ணும் இல்ல.

ஆனா "மூணாவது வாரம் எங்க சென்சார் தப்பா ரீடிங் குடுத்துச்சு, ஏன்னு தேடுனோம், கிரவுண்ட் காமன் பண்ணாம விட்டிருந்தோம்"ங்கறத எந்த கடையிலயும் விக்க மாட்டாங்க. அதுக்கு மார்க் போட ஆரம்பிச்சா கடைக்கு போறதுல அர்த்தம் இல்லாம போகும். இந்த பக்கம் முழுக்க நான் சொல்ல போறது இதையே தான், வேற வேற கோணத்துல.

எங்க டீம் ஸ்மார்ட் இரிகேஷன் பண்றோம் மேம், ஓகேவா?

ஐயோ. தமிழ்நாட்டுல ஸ்மார்ட் இரிகேஷன் பண்ணாத ஈசிஇ, ஈஇஇ பேட்ச் இருக்கான்னே எனக்கு சந்தேகம். ஒரு டீ கப்புல மண்ணு, அதுல குத்தி வச்ச ரெண்டு கால் சென்சார், ஆர்டுயினோன்னு ஒரு சின்ன கன்ட்ரோலர் போர்டு, மோட்டார ஆன் ஆஃப் பண்ண ஒரு ரிலே, மீன் தொட்டி மோட்டார். மண்ணு காஞ்சா மோட்டார் தானா ஓடும், தண்ணி ஊத்துனா நிக்கும், எக்ஸ்டர்னல், அதாவது வேற காலேஜ்ல இருந்து மார்க் போட வர்றவர், தலையாட்டுவார்.

அந்த சென்சார நெசமான தோட்டத்துல வச்சா என்ன ஆகும்னு யாராவது பாத்திருக்கீங்களா? ரெண்டு கால்லயும் விடாம டிசி போயிட்டே இருந்தா ஈர மண்ணுல எலக்ட்ரோலிசிஸ் நடந்து பாசிட்டிவ் கால் அரிச்சு போகும், சில வாரத்துல ரீடிங் எல்லாம் பொய். படிக்கற நேரத்துல மட்டும் சப்ளை குடுக்கணும், இல்லாட்டி கெப்பாசிட்டிவ் சென்சார் வாங்கணும். பத்து நிமிஷ டெமோவுல இது தெரியவே தெரியாது, மூணு வாரம் மண்ணுல கிடந்தா தான் தெரியும். எனக்கு ஸ்மார்ட் இரிகேஷன் மேல கோவம் இல்ல, டீ கப்பு மேல தான் கோவம்.

அப்ப நல்ல ப்ராப்ளம் எங்க கிடைக்கும்?

வெளியில. கொஞ்சம் நீளமா சொல்றேன், ஏன்னா இதே இரிகேஷன் டீம் ஒண்ண வச்சு தான் நானே கத்துக்கிட்டேன்.

நாலு பேர் டீம், ரெண்டு பசங்க ரெண்டு பொண்ணுங்க. பொள்ளாச்சி பக்கம் ஒரு பையனோட சொந்தக்காரங்க தென்னந்தோப்பு. டீ கப்பு டெமோவ தூக்கிட்டு போய் காட்டுனாங்க. தோட்டத்துக்காரர் பொறுமையா பாத்துட்டு, "ஏனுங் தம்பி, மண்ணு ஈரமா இருக்கா காஞ்சிருக்கான்னு எனக்கு கால வச்சா தெரியுமுங்க, அதுக்கு எதுக்குங் மிசினு? என்ற பிரச்சன மோட்டாருங்க, நடுராத்திரியில நின்னு நின்னு போயிட்டு இருந்துச்சுங்க"ன்னு சொல்லிட்டார்.

போர்ல தண்ணி இறங்கிட்டா மோட்டார் தண்ணி இல்லாம சும்மா சுத்தும், சப்மெர்சிபிள் மோட்டார் குளிரறதே தண்ணியில தான், அதனால கொஞ்ச நேரத்துல சூடாகி காயில் போயிடும். இத தடுக்க பேனல் போர்டுலயே ட்ரை ரன் ப்ரொடெக்ஷன் வருது. தண்ணி இல்லாட்டி லோடு குறையும், லோடு குறைஞ்சா கரண்ட் குறையும், ஒரு அளவுக்கு கீழ போனா ட்ரிப் பண்ணிடும், அவ்வளவு தான் அதோட வேலை. பசங்க உடனே "அப்ப நாங்க ட்ரை ரன் ப்ரொடெக்டர் செஞ்சு குடுக்கறோம்"னு கிளம்பிட்டாங்க. இங்க தான் நான் ஒரே ஒரு உதவி பண்ணேன், திரும்ப போய் பேனல தொறந்து பாருங்கன்னு சொன்னேன். தொறந்தா உள்ள ஏற்கனவே ப்ரொடெக்டர் இருக்கு, ஒயர கழட்டி நேரா குடுத்து வச்சிருக்காங்க. கேட்டா "சும்மா சும்மா ட்ரிப் ஆகுதுங்க, தண்ணி இருக்கறப்பவே நின்னு போவுது, எலக்ட்ரீசியன் வந்து நேரா போட்டு குடுத்துட்டு போனாரு, அப்பவும் ஒருக்கா காயில் போயிருச்சுங்க"ன்னார்.

இப்ப ப்ராப்ளம் மாறிடுச்சு பாருங்க. புதுசா எதையும் செய்ய வேண்டியது இல்ல, இருக்கற பொருள் ஏன் பொய்யா ட்ரிப் ஆகுதுன்னு கண்டுபிடிக்கணும். கரண்ட அளக்க ஒரு கரண்ட் ட்ரான்ஸ்ஃபார்மர், வோல்டேஜ் பாக்க ஒரு சின்ன சர்க்யூட், எஸ்டி கார்டு, ரெண்டு வாரம் லாக் பண்ணாங்க. நடுவுல ரெண்டு நாள் டேட்டா இல்ல, பெட்டிக்குள்ள பல்லி பூந்து ஷார்ட் ஆயிருச்சு. மிச்சத்த கிராஃப் போட்டு பாத்தா கதை தெளிவா தெரியுது. சாயங்காலம் எல்லாரும் மோட்டார் போடுற நேரத்துல லைன் வோல்டேஜ் குறைவு, அதே லோடுக்கு மோட்டார் அதிக கரண்ட் இழுக்குது. எலக்ட்ரீசியன் அந்த நேரத்துல வந்து, அந்த கரண்ட வச்சு செட் பாயிண்ட், அதாவது எந்த அளவுக்கு கீழ போனா ட்ரிப் ஆகணும்ங்கறத, வச்சிருக்கார். நடுராத்திரி ஆனா லைன்ல லோடு குறைஞ்சு வோல்டேஜ் ஏறும், மோட்டார் கரண்ட் இறங்கும், தண்ணி நல்லா வந்துட்டு இருக்கும்போதே பேனல் "தண்ணி இல்ல"ன்னு முடிவு பண்ணி நிறுத்திடும். தியரி பேப்பர்ல இண்டக்ஷன் மோட்டார் பத்தி வர்ற அதே விஷயம் தான், ஆனா பரீட்சைக்கு படிச்சப்ப யாருக்கும் மண்டையில ஏறல.

கடைசியில அவங்க செஞ்சது செட் பாயிண்ட மாத்தி வச்சது, கழட்டுன ஒயர திரும்ப மாட்டுனது, ட்ரிப் ஆனா அரை மணி நேரம் கழிச்சு தானா ஒரு தடவ முயற்சி பண்ற மாதிரி ஒரு சின்ன போர்டு, அந்த போர்டும் பாதி நாள் தான் வேலை செஞ்சது. எக்ஸ்டர்னல் வந்து மொத கேள்வியே "வாட் இஸ் தி நாவல்டி?"ன்னு கேட்டார். பசங்க முழிச்சாங்க. என்ன பண்ணோம், என்ன ஆச்சுன்னு பசங்க தேதி போட்டு எழுதுன லாக் புக்க நான் எடுத்து அவர் முன்னாடி வச்சேன், கொஞ்ச நேரம் புரட்டுனார், அப்புறம் அவரோட ஊர் மோட்டார் கதைய அவரே சொல்ல ஆரம்பிச்சுட்டார்.

எல்லாருக்கும் தோப்பு இருக்காதே?

தோப்பு இருக்க வேண்டாம், நம்ம பொருள உபயோகிக்க போற ஒரு ஆள் இருந்தா போதும். ஹாஸ்டல் மெஸ் அண்ணன், காலேஜ் பஸ் டிரைவர், லேத் பட்டறை, பக்கத்து பஞ்சாயத்து தண்ணி தொட்டி ஆபரேட்டர். ஒரு டீம் ஹாஸ்டல் டேங்குக்கு தண்ணி மட்டம் பாக்கறேன்னு அல்ட்ராசோனிக் சென்சார் மாட்டுனாங்க, ரெண்டே நாள்ல மூடிக்கு அடியில ஆவி படிஞ்சு தண்ணி கோத்து கண்டபடி ரீடிங். வாட்டர் ப்ரூஃப் வகைய வாங்குனா அதுக்கு முகத்துக்கு முன்னாடி ஒரு சாண் தூரம் கண்ணே தெரியாது, டேங்க் ரொம்பற நேரத்துல தான் குழப்பம் வரும். மெஸ் அண்ணன் தினமும் "என்னாச்சு உங்க மிசினு?"ன்னு கேட்டே அவங்கள வேலை வாங்கிட்டார். நான் கேட்டிருந்தா சாக்கு சொல்லியிருப்பாங்க.

வெளிநாட்டுல எப்படி பண்றாங்க?

டென்மார்க்ல ஆல்போர்க் யுனிவர்சிட்டின்னு ஒண்ணு, 1974ல ஆரம்பிச்சப்பவே இப்படித்தான் சொல்லிக் குடுக்கணும்னு முடிவு பண்ணி ஆரம்பிச்சது. ஒவ்வொரு செமஸ்டர்லயும் சுமார் பாதி கிரெடிட் குரூப் ப்ராஜெக்டுக்கே போயிடும், மொத செமஸ்டர்ல இருந்தே. மீதி பாதி பாடம், அதுவும் அந்த ப்ராஜெக்டுக்கு கை குடுக்கற பாடமா இருக்க பாத்துக்குவாங்க.

அமெரிக்காவுல ஓலின் காலேஜ், 2002ல முதல் பேட்ச் சேர்ந்தாங்க. அதுக்கு முந்தின வருஷம் 30 பசங்கள வரவச்சு பாடத்திட்டத்த அவங்க மேல ட்ரை பண்ணி பாத்தாங்க, அதுல ஒரு வேலை விரல்ல மாட்டி நாடித்துடிப்பும் ரத்தத்துல ஆக்சிஜனும் பாக்கற பல்ஸ் ஆக்சிமீட்டர அஞ்சு வாரத்துல செய்யணும்ங்கறது. அப்ப தான் ஸ்கூல் முடிச்ச பசங்க, எலக்ட்ரானிக்ஸ் பாடமே எடுக்கல. வாத்தியாருங்களே இது நடக்காதுன்னு தான் நினைச்சாங்களாம், பசங்க செஞ்சுட்டாங்க. அதுல இருந்து தான் ரெண்டு வருஷம் கணக்கும் பிசிக்ஸும் முடிச்சா தான் கை வைக்கணும்ங்கற எண்ணத்த அவங்க விட்டாங்க.

எம்ஐடியும் ஸ்வீடன் யுனிவர்சிட்டிங்க மூணும் சேர்ந்து ஆரம்பிச்ச சிடிஐஓன்னு ஒரு முறையும் இருக்கு, யோசி, டிசைன் பண்ணு, செய், ஓட்டு, இந்த நாலு கட்டத்தையும் ஸ்டூடன்ட் பாத்திருக்கணும்ங்கறது தான் அதோட சாரம். நம்ம ஊர் ப்ராஜெக்ட் மூணாவதோட நின்னுடும், நாலாவதான "ஓட்டு"ங்கறத யாரும் தொடறதே இல்ல.

ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கங்க, ஓலின்ல ஒரு வருஷத்துக்கு நூறு பேருக்குள்ள தான் சேர்றாங்க. இங்க ஒரு பிராஞ்சே 120, 180. அப்படியே காப்பி அடிக்க முடியாது.

நம்ம நாட்டுல யாரும் பண்ணலையா?

பண்ணியிருக்காங்க, நம்ம பக்கத்துலயே. கோயம்புத்தூர் பிஎஸ்ஜி டெக் 1951ல வந்தது, ஆனா அதுக்கு கால் நூற்றாண்டு முன்னாடி 1926லயே பிஎஸ்ஜி இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிடியூட்னு பட்டறை இருந்துச்சு, மோட்டாரும் பம்பும் செய்யற இடம். அந்த பட்டறைய ஒட்டி தான் காலேஜே வந்தது. அஞ்சு வருஷ சாண்ட்விச் பிஇ அங்க ரொம்ப காலமா இருக்கு, படிப்பும் பட்டறை வேலையும் மாறி மாறி வரும். ப்ராஜெக்ட் பேஸ்ட் லேர்னிங்னு யாரும் அதுக்கு பேரு வைக்கல, அவ்வளவு தான்.

ஐஐடி மெட்ராஸ்ல சென்டர் ஃபார் இன்னோவேஷன் 2008ல 1981 பேட்ச் பழைய ஸ்டூடன்ட்ஸ் உதவியால ஆரம்பிச்சாங்க, பசங்களே நடத்தற லேப், ராத்திரியும் திறந்திருக்கும். எனக்கு அதுல பொறாமை மெஷின் மேல இல்ல, ராத்திரி திறந்திருக்கே அது மேல தான். எங்க லேப் 4.30க்கு பூட்டிருவாங்க, சாவி கேட்டா லெட்டர் எழுதி மூணு கையெழுத்து வாங்கணும். ஒரு காலேஜ் காசே செலவு பண்ணாம ப்ராஜெக்ட நல்லா ஆக்கணும்னா மொதல்ல லேப் சாவிய பத்தி யோசிக்கட்டும்.

ஹேக்கத்தான் போனா போதாதா?

போங்க, நல்லது தான். ஸ்மார்ட் இந்தியா ஹேக்கத்தான் 2017ல இருந்து நடக்குது, மினிஸ்ட்ரிங்க குடுக்கற ப்ராப்ளம் ஸ்டேட்மென்ட படிச்சு பாத்தாலே எப்படி ப்ராப்ளம் எழுதணும்னு ஒரு ஐடியா வரும். ஆனா 36 மணி நேரத்துல சென்சார் அரிக்காது.

ஃபைனல் இயர் வரைக்கும் காத்திருக்கணுமா?

வேண்டவே வேண்டாம், அது தான் பெரிய தப்பு. எட்டாவது செமஸ்டர்ல பாதி பேர் இன்டர்ன்ஷிப்னு பெங்களூர் போயிடறான், மீதி பேர் ப்ளேஸ்மென்ட் டென்ஷன், அரியர் இருக்கறவன் அரியர பாப்பான். அந்த நேரத்துல போய் வாழ்க்கையிலயே முதல் தடவையா ஒரு பொருள முழுசா செய்னு சொன்னா எங்க இருந்து செய்வான்?

ரெண்டாவது வருஷத்துல சின்னதா ஆரம்பிங்க. நான் பண்றது இது: வீட்ல செத்து போன மிக்ஸி, கிரைண்டர், ஃபேன் எதையாவது தூக்கிட்டு வர சொல்வேன், பைசா செலவு இல்ல. கழட்டு, ஒவ்வொரு பாகமா வரைஞ்சு காட்டு, எதனால செத்துச்சுன்னு சொல்லு. கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்கு புவிசார் குறியீடே இருக்கு, அத உள்ள பாக்காம ஈஇஇ டிகிரி வாங்கறது எனக்கு அசிங்கமா படுது. மெதுவா சுத்தற ஃபேன எடுத்துட்டு வந்த ஒரு பொண்ணு கெப்பாசிட்டர அளந்து பாத்து மதிப்பு குறைஞ்சிருக்குன்னு கண்டுபிடிச்சு, புதுசு மாத்தி வீட்டுக்கு எடுத்துட்டு போய் மாட்டியிருக்கு. அவங்க அப்பா எனக்கே ஃபோன் பண்ணி சொன்னார், குரல்ல அவ்வளவு சந்தோஷம். அந்த பொண்ணுக்கு சிங்கிள் ஃபேஸ் மோட்டார்ல கெப்பாசிட்டர் எதுக்குன்னு ஆயுசுக்கும் மறக்காது.

மூணாவது வருஷம் மினி ப்ராஜெக்ட், ஒரு செமஸ்டர், ஒரு யூசர். நாலாவது வருஷம் அதையே பெருசாக்கலாம், இல்ல சீனியர் விட்டத எடுக்கலாம்.

மார்க் எப்படி பிரிக்கணும்?

எக்ஸ்டர்னல் பகுதி யுனிவர்சிட்டி ரூல், அதுல நாம கை வைக்க முடியாது. இன்டர்னல் நம்ம கையில இருக்கு, அத மட்டும் நான் நூறுக்கு கணக்கு போட்டு இப்படி பிரிக்கிறேன். லாக் புக்கும் வாராந்திர சந்திப்பும் சேர்த்து 35. யூசர போய் பாத்து ப்ராப்ளம எழுதுனதுக்கு 15. நடுவுல "என்ன உடைஞ்சது" ரிவ்யூன்னு ஒண்ணு வச்சிருக்கேன், அதுல ஓடுன டெமோ காட்டக்கூடாது, ஓடாதத தான் காட்டணும், ஏன் ஓடலன்னு சொல்லணும், அதுக்கு 15. கடைசி பொருளுக்கு வெறும் 20. ரிப்போர்ட்டுக்கு 5, ஆமா அஞ்சு தான். தனித்தனி வைவாவுக்கு 10.

இத முதல் வருஷம் கொண்டு வந்தப்ப ஸ்டாஃப் மீட்டிங்ல ஒரு சீனியர் சார் "ஓடாததுக்கு மார்க்கா, நல்லா இருக்கும்மா"ன்னு சிரிச்சார். ஓடாததுக்கு இல்ல சார், ஏன் ஓடலன்னு தெரிஞ்சதுக்குன்னு சொன்னேன். கடையில வாங்குன டீம் அந்த ரிவ்யூல தான் மாட்டும், ஏன்னா அவங்க கிட் தான் முதல் நாளே ஓடுமே.

லாக் புக்னா ரெக்கார்ட் நோட் மாதிரியா?

இல்லவே இல்ல! ரெக்கார்ட் நோட்னாலே நம்ம பசங்களுக்கு அழகா எழுதி அடிக்கோடு போடற வியாதி வந்துடுது. சாதா கோடு போட்ட நோட்டு, தேதி, என்ன நினைச்சோம், என்ன பண்ணோம், என்ன ஆச்சு. அடிச்சு திருத்துனது இருக்கணும். காபி கறை இருந்தா ரொம்ப சந்தோஷம். நோட்டு முழுக்க ஒரே பேனாவுல ஒரே கையெழுத்துல இருந்தா நேத்து ராத்திரி உக்காந்து எழுதுனதுன்னு அர்த்தம்.

ஒரு கைடுக்கு ஆறு டீம், 22 பேர். எங்க நேரம் இருக்கு?

நேரம் இல்ல தான், நானே க்ளாஸ், காலேஜுக்கு தரச்சான்று குடுக்கற நாக், என்பிஏவுக்கு ஃபைல்னு செத்துட்டு இருக்கேன். டீமுக்கு வாரம் 15 நிமிஷம், நின்னுகிட்டே, பிபிடி கிடையாது. ஆறு டீம்னா ஒன்றரை மணி நேரம். நான் கேக்கறது ஒரே கேள்வி, "போன வாரம் நீங்க நினைச்சதுல எது தப்பா போச்சு?" ஒண்ணும் தப்பா போகலன்னா ஒண்ணும் பண்ணலன்னு அர்த்தம். முன்ன மாதிரி ஒரு மணி நேரம் பிபிடி பாத்துட்டு "ஃபாண்ட் சைஸ் மாத்து, அலைன்மென்ட் சரியில்ல"ன்னு சொல்றத விட இது எனக்கும் நிம்மதி.

என்பிஏன்னு சொன்னதால ஒரு வார்த்தை. இந்தியா 2014ல இன்ஜினியரிங் டிகிரிய நாடுங்க ஒண்ணுக்கொண்ணு ஏத்துக்கற ஒப்பந்தமான வாஷிங்டன் அக்கார்ட்ல முழு உறுப்பினர் ஆனதுல இருந்து, ஸ்டூடன்ட் என்ன தெரிஞ்சுகிட்டான்னு காட்டணும்ங்கற பேச்சு எல்லா காலேஜுக்கும் வந்துச்சு. எண்ணம் நல்ல எண்ணம். நம்ம கைக்கு வந்து சேர்ந்தது என்னன்னா எக்செல் ஷீட்ல சிஓ பிஓ மேப்பிங், அதாவது ஒவ்வொரு பாடத்தோட இலக்கு (சிஓ) மொத்த படிப்போட இலக்குக்கு (பிஓ) எவ்வளவு உதவுதுன்னு 3, 2, 1னு ரொப்பறது. ப்ராஜெக்ட் மட்டும் நல்லா நடந்தா டீம் வொர்க், எதிக்ஸ், கம்யூனிகேஷன், இந்த பிஓ எல்லாத்துக்கும் ஆதாரம் அந்த அழுக்கு லாக் புக்லயே இருக்கும்.

டீம்ல ஒருத்தன் வேலை செய்யறான், மூணு பேர் ஓபி அடிக்கறாங்க. என்ன பண்றது?

ரெண்டு விஷயம் பண்ணுங்க. ஒண்ணு, மாசம் ஒரு தடவ ஒவ்வொருத்தருக்கும் துண்டு சீட்டு குடுத்து, 100 ரூபாய் சம்பளம் இருக்கு, உங்க டீமுக்குள்ள பிரிச்சு குடுங்கன்னு சொல்லுங்க, பேர் வெளிய போகாது. மார்க்குனா எல்லாரும் நட்புக்காக சமமா போடுவாங்க, காசுன்னதும் கை தானா கணக்கு பாக்கும், எனக்கே முதல்ல சிரிப்பா இருந்துச்சு. மூணு சீட்டுலயும் ஒருத்தனுக்கு 5 ரூபான்னா கூப்பிட்டு பேசுங்க, திட்டறதுக்கு முன்னாடி ஏன்னு கேளுங்க, சில சமயம் அந்த பையன் ராத்திரி ஸ்விக்கி ஓட்டிட்டு வர்றவனா இருப்பான்.

ரெண்டாவது, வேலைய சுத்தி விடுங்க. ஆல்போர்க்லயே குரூப் எக்ஸாம் நியாயமான்னு பெரிய சண்டை, டென்மார்க் அரசே கொஞ்ச வருஷம் அத தடை பண்ணி வச்சிருந்து அப்புறம் திரும்ப விட்டாங்க. அதனால இதுக்கு முழு தீர்வு யார்கிட்டயும் இல்ல.

பொண்ணுங்க எல்லாம் ரிப்போர்ட்டும் பிபிடியும் தானே பண்றாங்க?

இத கேள்வியா யாரும் கேக்கறது இல்ல, ஆனா நான் எழுதியே ஆகணும். பண்றாங்க இல்ல, பண்ண வைக்கறோம். "உன் கையெழுத்து நல்லா இருக்கும், நீ டாக்குமென்டேஷன் பாரு"ன்னு மொத நாளே முடிவாயிடும், சால்டரிங் அயர்ன் பசங்க கைக்கு போயிடும். நானும் 2000களோட ஆரம்பத்துல படிச்சப்ப ரிப்போர்ட் தான் எழுதுனேன், வேலைக்கு சேர்ந்து லேப்ல நின்னப்ப தான் எனக்கு கை வரலன்னு புரிஞ்சது, அப்புறம் லேப் அட்டெண்டர் அண்ணன் கிட்ட சால்டரிங் கத்துக்கிட்டேன். இப்ப ரூல் போட்டுட்டேன், மூணு வாரத்துக்கு ஒரு தடவ வேலை மாறும், ரிப்போர்ட் எழுதறவங்க சர்க்யூட்டுக்கு, கோடு எழுதறவங்க ரிப்போர்ட்டுக்கு. லேடீஸ் ஹாஸ்டல்ல ஆறு மணிக்கு கேட் மூடறத என்னால மாத்த முடியல, அதுக்காக சனிக்கிழமை காலையில லேப் திறக்க வச்சேன், அந்த சாவி லெட்டர்ல எத்தன கையெழுத்துன்னு கேக்காதீங்க.

இப்ப சாட்ஜிபிடி வந்துடுச்சே, கோடு ரிப்போர்ட் எல்லாம் அதுவே எழுதுதே?

எழுதட்டும். 2022 நவம்பருக்கு அப்புறம் வந்த ரிப்போர்ட்டுங்க இங்கிலீஷ் எல்லாம் ரொம்ப அழகா இருக்கு, அதனால தான் ரிப்போர்ட்டுக்கு அஞ்சு மார்க். ப்ராஜெக்ட் சென்டர் அண்ணனுங்களுக்கு தான் இதுல பாதி வியாபாரம் போச்சு.

கோடு யார் எழுதுனாங்கன்னு நான் கேக்கறது இல்ல. வைவாவுல ஒரு ஒயர கழட்டிடுவேன், இல்லாட்டி "அலாரம் 30 செகண்ட் கழிச்சு அடிக்கற மாதிரி இப்பவே மாத்து"ன்னு சொல்வேன், சாட்ஜிபிடி வச்சு மாத்துனாலும் சரி. எங்க மாத்தணும்னு தெரிஞ்சவன் ரெண்டு நிமிஷத்துல மாத்திடுவான். ஈஎஸ்பி32ன்னு பசங்க அதிகமா வாங்கற கன்ட்ரோலர் போர்டோட பின் 3.3 வோல்ட் தான் தாங்கும், 5 வோல்ட் சென்சாரோட அவுட்புட்ட நேரா குடுக்கக்கூடாது, நடுவுல ரெண்டு ரெசிஸ்டர் வேணும், இத அது ஸ்க்ரீன்ல சொன்னாலும் ஒயர கையில வச்சிருக்கறவன் கவனிச்சா தான் போர்டு பிழைக்கும்.

பையன் ப்ராஜெக்டுக்கு 15,000 கேக்கறான், குடுக்கலாமா?

பேரண்ட்ஸுக்கு: குடுக்கறதுக்கு முன்னாடி என்னென்ன சாமான், ஒவ்வொண்ணும் எவ்வளவுன்னு ஒரு லிஸ்ட் கேளுங்க. நெசமா செய்யறவன் கிட்ட லிஸ்ட் இருக்கும், போர்டு, சென்சார், ரிலே எல்லாம் தனித்தனியா நூறு, இருநூறு, சில நூறுல முடியற சாமான் தான், மெக்கானிக்கல் பசங்களுக்கு வெல்டிங் இரும்புன்னு கூட ஆகும். "டீமுக்கு மொத்தமா இவ்வளவு, அமௌண்ட் பே பண்ணணும்"னு சொன்னா அது சென்டர் ஃபீஸ். தமிழ்நாடு மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றம் ஸ்டூடன்ட் ப்ராஜெக்டுக்கு சின்ன உதவித்தொகை குடுக்குது, காலேஜ் வழியா அப்ளை பண்ணணும், கைடு கிட்ட கேக்க சொல்லுங்க. பாதி காலேஜ்ல சர்க்குலர் நோட்டீஸ் போர்டுக்கே வராது.

ப்ராஜெக்ட் ஃபெயில் ஆனா வேலை கிடைக்குமா?

இன்டர்வியூல "வாட் வாஸ் தி டிஃபிகல்ட்டி யூ ஃபேஸ்ட்"னு கட்டாயம் கேப்பாங்க. வாங்குனவனுக்கு அங்க சொல்ல ஒண்ணும் இருக்காது. தோப்பு டீம்ல ஒரு பொண்ணு பம்பு கம்பெனி இன்டர்வியூல பல்லி கதைய சொல்லியிருக்கா, எதிர்ல இருந்தவங்க கால் மணி நேரம் அதையே கேட்டுட்டு இருந்தாங்களாம். வேலை கிடைச்சதுக்கு அது மட்டும் தான் காரணம்னு சொல்ல மாட்டேன், அவ நல்லா படிக்கறவ.

எக்ஸ்டர்னல் ஒத்துக்கலன்னா?

சிலர் ஒத்துக்க மாட்டாங்க. நாலு மார்க் குறையும். பழகிக்கங்க.

முடிஞ்ச ப்ராஜெக்ட என்ன பண்றது? பீரோவுல வைக்க இடம் இல்ல.

பீரோவுல வைக்காதீங்க, பத்து வருஷ தூசி எங்க டிபார்ட்மென்ட்ல இருக்கு, தெர்மாகோல் வீடு, தெர்மாகோல் ரோடு, தெர்மாகோல் டேம். யூசர் கிட்ட ஓடிட்டு இருந்தா அங்கயே விடுங்க. இல்லாட்டி கழட்டி போர்டு, ரிலே எல்லாத்தையும் டப்பாவுல போட்டு அடுத்த பேட்சுக்கு குடுங்க, பாதி செலவு மிச்சம். லாக் புக்க மட்டும் தூக்கி போடாதீங்க, ஜூனியருக்கு குடுங்க, போன வருஷம் விட்ட இடத்துல இருந்து எடுக்கட்டும், ஒவ்வொரு வருஷமும் டீ கப்புல இருந்து ஆரம்பிக்க வேண்டியது இல்ல.

தோப்பு டீம் நோட்டு இந்த வருஷம் தேர்ட் இயர் பசங்க கையில இருக்கு, அந்த அரை வேக்காடு ரீ-ட்ரை போர்ட சரி பண்றேன்னு எடுத்துட்டு போயிருக்காங்க. நேத்து புரட்டி பாத்தேன், மொத பக்கத்துல சீனியருங்க சிவப்பு பேனாவுல எழுதி வச்சிருக்காங்க: "பெட்டிய தொறக்கறதுக்கு முன்னாடி ஒரு தட்டு தட்டு, பல்லி இருக்கும்."